ஒரு நூல், இரண்டு தட்டு: கடற்கரை ஆம்பளைகள் தொப்பை குறைக்கும் வழி

வீட்டில் வலை கட்டுகிற நூல் கிடந்தால் ஒரு ஆள் நீளத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சணல் கயிறு போதும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து வீட்டில் யாரையாவது வெட்டச் சொல்லுங்கள். அந்த நூலைச் சரிபாதியாக மடித்து, மடித்த நீளத்தை வயிற்றைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் சுற்றுகிறீர்கள் என்பது முக்கியம். நம்மில் பாதிப் பேர் தொப்பைக்குக் கீழே கைலியைக் கட்டிக்கொண்டு இடுப்பு 34தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அந்த இடம் வேண்டாம். கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் முனையைத் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே சுற்ற வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை மெதுவாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும்.

நூலின் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால், உங்கள் இடுப்பு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். டேப் இருந்தால் அதிலும் பாருங்கள், நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை, அதாவது முப்பத்தைந்தரை அங்குலம் வரை. எனக்கு முதல் தடவை அளந்தபோது ஒரு சாண் இடைவெளி இருந்தது. வயது 44, எடை 94 கிலோ, உயரம் 5 அடி 7 அங்குலம். இருபத்தாறு வயது வரை அப்பாவோடு வள்ளத்தில் போய் வந்தவன், அப்புறம் பதினெட்டு வருஷம் மீன் கம்பெனியில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். கடலை விட்ட பிறகும் கடலுக்குப் போனவன் சாப்பிட்ட அளவே சாப்பிட்டேன், அவ்வளவுதான் நடந்தது. இப்போது 81 கிலோ, நூலில் நாலு விரல் இடைவெளி. பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதத்தில் என்ன செய்தேன், எதைச் செய்து ஏமாந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன், எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் என்னை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

எடை மெஷின் இருக்க நூல் எதற்கு

எடையை உயரத்தோடு வைத்துப் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது, பி.எம்.ஐ. என்பார்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு 25க்கு மேல் போனால் கூடுதல் எடை, 30க்கு மேல் உடல் பருமன். நமக்கு அந்த அளவு பொருந்தாது, அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், சதை குறைவு. அதனால் இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் பருமன் என்று மருத்துவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். 5 அடி 7 அங்குல ஆளுக்கு 23 என்பது 66 கிலோ, 25 என்பது 72 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், பலருக்கும் தூக்கிவாரிப் போடும்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் 100க்கு 37 பேர் கூடுதல் எடை அல்லது பருமன் என்று வந்தது, அதுவும் பழைய 25 என்ற எல்லையை வைத்து. 23ஐ வைத்து எண்ணினால் இன்னும் கூடும்.

ஆனாலும் நூல்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். கை கால் மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்து, வயிறு மட்டும் முன்னால் நிற்கிற ஆட்கள் நம் ஊரில் அதிகம். எடை மெஷினில் ஏறினால் 68 கிலோதான் காட்டும், நமக்கு ஒன்றுமில்லை என்று இறங்கிப் போய்விடுவார்கள். தோலுக்கு அடியில் கையால் பிடிக்க வருகிற கொழுப்பு ஒரு வகை. குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் படிகிற கொழுப்பு வேறு, பெண்களைவிட ஆண்களுக்கு அது அதிகம் சேரும். வயிறு தொங்கவில்லை, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று தட்டிக் காட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்த இரண்டாவது வகைதான்.

உள்ளே என்ன செய்கிறது

இந்த உள்கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கரைகிற கொழுப்பு நேராக ஈரலுக்குப் போகிறது, இன்சுலின் சுரந்தும் வேலை செய்யாமல் போகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு ஒன்று நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், அதைவிட அதிகமான பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் சொன்னது. கூடவே ரத்த அழுத்தம் ஏறும். வயிற்று ஸ்கேன் எடுத்தால் 'ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருக்கும், நாம் அந்தக் காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிடுவோம். ஒரு சொட்டு சாராயம் தொடாதவருக்கும் ஈரல் சுருங்கும் அளவுக்கு அது போக முடியும். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குவது, முட்டி தேய்வது, பெருங்குடல், சிறுநீரகம், கணையம் இவற்றில் வரும் புற்றுநோய் என்று பட்டியல் நீளும். முட்டியைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், அது எனக்கு ரொம்பத் தெம்பு கொடுத்தது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் விழுகிற பாரம் நாலு கிலோ குறையும்.

இரண்டு விஷயத்தை ஆண்கள் யாரிடமும் சொல்வதில்லை. ஒன்று குறட்டை. வீட்டில் சத்தம் போடுகிறார்கள் என்பதோடு விட்டுவிடாதீர்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி, திரும்ப வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறவர்களுக்கு இது அதிகம். ராத்திரி முழுக்க மூச்சு திணறி எழுந்தவனுக்குப் பகலில் கண் சொருகும், அதே கண்ணோடு மதுரை ரோட்டில் மீன் வண்டி ஓட்டுவார்கள். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இன்னொன்று ஆண்மைக் குறைவு. தொப்பை கூடினால் ஆண் சுரப்பு குறையும், அது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது ரத்தக்குழாய். அங்கே போகிற குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது, அடைப்பு முதலில் அங்கே தெரியும், சில வருஷம் கழித்துத்தான் நெஞ்சில் தெரியும். ஆகவே இந்தத் தொந்தரவு வந்தால், லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் கொடுக்கிறவரிடம் போகாமல் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்கிற மருத்துவரிடம் போங்கள். உங்கள் உயிரைக் காப்பாற்றுகிற முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

என் மச்சான் ஒருவர், அப்போது 41 வயது, ஐஸ் பெட்டியை இழுக்கும்போது நெஞ்சு அடைத்தது, வேர்த்துக் கொட்டியது. வாயு என்று சொல்லி ஒரு கோலி சோடாவைக் குடித்துவிட்டு ஏலக் கொட்டகையிலேயே படுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயச் சதை ஒரு பகுதி செத்துப்போனது, அதற்குப் பிறகு படகு ஏறவில்லை. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கிற வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சு வாங்குதல் இவை வந்தால் சோடா வேண்டாம், உடனே 108க்கு அடியுங்கள்.

இரண்டு தட்டு

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன, மற்ற நாள் கரை. கடல் நாளில் உடம்பு படுகிற பாடு வேறு, கரை நாளில் கொட்டகையில் சீட்டு ஆடுகிற உடம்பு வேறு. ஆனால் தட்டு ஒன்றேதான். கையால் வலை இழுத்த காலம் போய் விஞ்சு வந்துவிட்டது, துடுப்புப் போய் எஞ்சின் வந்துவிட்டது, சோற்றுக் குவியல் மட்டும் தாத்தா காலத்து உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே வீட்டில் இரண்டு அளவு வையுங்கள், கடல் நாளுக்கு ஒன்று, கரை நாளுக்கு ஒன்று. கடலுக்கே போகாத என்னைப் போன்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் எல்லோருக்கும் தினமும் கரை நாள்தான்.

அளக்க ஒரு கிண்ணம் வேண்டும். எங்கள் வீட்டில் ஓரம் நெளிந்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, தலை தட்டிப் போட்டால் 150 கிராம் சோறு பிடிக்கும். கடையில் மீன் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். மத்தியானம் வழக்கமாகச் சாப்பிடுகிற சோற்றை ஒருநாள் தட்டில் போட்டு, அதைத் திரும்ப இந்தக் கிண்ணத்தால் அள்ளி அள்ளி எண்ணினேன். நாலரைக் கிண்ணம். சோறு மட்டுமே 870 கலோரிக்கு மேல், குழம்பும் பொரித்த மீனும் தனி. இதை ஒருமுறை நீங்களும் செய்யுங்கள், அடுத்தவர் சொல்லி நம்புவதைவிடத் தன் தட்டைத் தானே எண்ணினால் மனதில் நிற்கும்.

கரை நாளில் ஒன்றரை, அதிகம் போனால் இரண்டு கிண்ணம். கடல் நாளில் மூன்று. முதல் வாரமே நாலரையிலிருந்து ஒன்றரைக்கு இறங்காதீர்கள், பசியில் கோபம் வரும், சாயங்காலம் வடைக் கடையில் போய் நிற்பீர்கள். வாரத்துக்கு அரைக் கிண்ணம் குறைத்தால் வயிறு கேட்டுக்கொள்ளும்.

குறைத்த சோற்றின் இடத்தைக் காலியாக விடக் கூடாது. தட்டில் பாதி காய், கீரை. முருங்கைக்கீரை, சுரைக்காய், புடலை, வெண்டை, கத்தரி, எது மலிவோ அது. இன்னொரு கால் பகுதி மீன். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சாளை, சூடை, காரல், நெத்திலி எல்லாம் வஞ்சிரத்தின் விலையில் ஒரு துளிதான், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம், இதயத்துக்கு நல்ல எண்ணெய்ச் சத்து சாளை மாதிரிச் சின்ன மீனில் கூடுதலாக இருக்கிறது. புரதம் போதுமான அளவு இருந்தால்தான் பசி அடங்கும், எடை குறையும்போது சதையும் சேர்ந்து கரையாமல் இருக்கும். மீனையும் காயையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள், சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும், சோறும் தானாகக் குறையும்.

ஆனால் மீனைக் குழம்பாகவோ ஆணமாகவோ அவித்தோ சாப்பிட வேண்டும், தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் வாட்டலாம். எண்ணெயில் முங்க முங்கப் பொரித்தால் மீனோடு எண்ணெயையும் சாப்பிடுகிறோம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. வீட்டில் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குச் சற்று மேலே போதும். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் கேன் தீர்ந்தால் எங்கே போகிறது என்று அடுப்படியில் உட்கார்ந்து பேசுங்கள். குழம்பில் ஒரு முழுத் தேங்காய் அரைக்கிற பழக்கத்தையும் பாதியாக்கலாம், ருசி ஒன்றும் கெட்டுப்போகாது, நம்ம ஊர் முண்டு மிளகாய் இருக்கும்போது என்ன கவலை.

கருவாடு வாரம் ஒருநாள். விட மனமில்லை, எனக்கும்தான். நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் உடம்புக்குச் சொல்லியிருக்கிறது, ஒரு டீஸ்பூன். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் கருவாட்டை வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுக்கப் போகாது.

காலையில் மூன்று இட்லி, கூட இரண்டு அவித்த முட்டை. அல்லது கேப்பைக் கூழ் ஒரு சொம்பு, வெங்காயத்தோடு. பழைய சோறும் நல்லதுதான், கிண்ணக் கணக்கில் சேர்த்தால் போதும்.

ராத்திரிதான் நம் ஊரில் எல்லாம் கெடுகிறது. பரோட்டா ஒன்று 250லிருந்து 300 கலோரி, மூன்று பரோட்டாவும் சால்னாவும் என்றால் ஆயிரத்தைத் தொடும். 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் கரைவது 280 கலோரி அளவுக்குத்தான். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து "நடந்து சரிபண்ணிவிடலாம்" என்று நான் பரோட்டாக் கடைக்குப் போவதை விட்டேன். மாதம் இரண்டு தடவை, இரண்டே பரோட்டா, அதோடு சரி.

டீக்கு வருவோம். கடை டீ ஒன்றில் இரண்டு ஸ்பூன் சீனி, பத்து கிராம். நாளைக்கு ஐந்து டீ குடித்தால் 50 கிராம் சீனி, 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரேயடியாகச் சீனி வேண்டாம் என்றால் நாக்கு ஒப்பாது, இரண்டு வாரம் ஒரு ஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் அரை ஸ்பூன் என்று இறங்குங்கள். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று நம் பனங்காட்டு ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், உடம்பு அதை வேறு விதமாக எண்ணாது. பதநீரும் அப்படியே, ஒரு சின்ன டம்ளர் போதும். கீழக்கரைத் தொதலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்ந்தது, விரல் அளவு ஒரு துண்டு. நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், சர்பத்தில் போடாமல் இருந்தால்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு குவார்ட்டர் 180 மில்லியில் சாராயம் மட்டும் 400 கலோரிக்கு மேல், கூட வருகிற பொரித்த கறியும் நள்ளிரவுப் பரோட்டாவும் சேர்த்தால் ஒருநாள் சாப்பாட்டில் பாதி அங்கேயே முடிந்துவிடும். குடித்திருக்கும்போது ஈரல் சாராயத்தை எரிக்கிற வேலையில் இருக்கும், கொழுப்பு அப்படியே தங்கும். நிறுத்தினால் மூன்று மாதத்தில் நூலில் தெரியும், இதை நான் இரண்டு பேரிடம் நேரில் பார்த்தேன். தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் மட்டும் ஒரே நாளில் தானாக நிறுத்தாமல் மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள், கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம்.

பரிமாறுகிற முறையையும் மாற்ற வேண்டும். நம் வீடுகளில் ஆம்பளை உட்காருவான், அம்மாவோ மனைவியோ கரண்டியோடு நிற்பார்கள், "இன்னும் கொஞ்சம்" என்று விழும். வேண்டாம் என்று சொல்வதற்குள் விழுந்துவிடும். நானே அடுப்படிக்குப் போய் ஒரே தடவை போட்டுக்கொண்டு வருவது என்று ஆக்கிக்கொண்டேன், குண்டா என் பக்கம் வராது. முதல் மாதம் அம்மாவுக்கு வருத்தம். ஆறு கிலோ குறைந்தபோது தெருவில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், "ஏப்பா மெலிஞ்சு போயிட்ட, சுகர் வந்துருச்சா?" தொப்பை என்றால் வசதி, மெலிந்தால் நோய் என்று நம் ஆட்களின் மனதில் பதிந்திருக்கிறது. "சுகர் வராமலிருக்கத்தான் மெலியுறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு எச்சரிக்கை: எதுவும் செய்யாமலேயே எடை தானாக இறங்கினால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

உடம்பை அசைப்பது

வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடியும் பாட முடியாது என்கிற வேகத்தில் நடை. நம்ம ஊர் வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. கடற்கரையில் நடந்தால் அலை வந்து போன ஈர மணலில் நடங்கள். உலர்ந்த மணலில் கால் புதையும், 90 கிலோவைத் தாண்டியவர்களின் முட்டியும் கணுக்காலும் தாங்காது. முட்டி ஏற்கெனவே வலிக்கிறதென்றால் நீச்சல்தான் அருமருந்து. நம் பிள்ளைகளுக்கு நீச்சல் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் நாற்பது வயதுக்கு மேல் கடலில் இறங்கி நீந்துகிற ஆளை விரல் விட்டு எண்ணலாம். கடல் அமைதியாக இருக்கிற பக்கம் பார்த்து, ஒரு துணையோடு, இடுப்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும், ஆரம்பத்துக்கு.

சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் தெருவில் நடப்பது சின்ன விஷயமாகத் தெரியும், சர்க்கரை ஏறுவதை அது நன்றாகவே தணிக்கும்.

நடை மட்டும் போதாது, சதைக்கும் வேலை வேண்டும், வாரம் இரண்டு நாள். ஜிம் தேவையில்லை. தண்ணீர்க் குடம் இரண்டு, பாதி பாதி நிரப்பி, இரண்டு கையிலும் பிடித்து முதுகை நிமிர்த்தி முற்றத்தில் பத்து நடை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை. கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் கை ஊன்றிச் சாய்ந்து தண்டால் பத்து. இதையே மூன்று சுற்று. எழும்போது மூச்சை அடக்காதீர்கள். வீட்டுக்குத் தண்ணீர் தூக்குகிற வேலையைப் பெண்களிடமிருந்து வாங்கிக்கொண்டால் பயிற்சியும் ஆச்சு, அவர்கள் இடுப்பும் பிழைக்கும்.

தூக்கத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் போய்விட்டு விடியற்காலை கரை சேர்கிறவர்கள் இரண்டு மணி நேரம் கண் மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்பும் பொரித்ததும்தான் கேட்கும். சன்னலுக்குக் கனமான துணி போட்டு இருட்டாக்கி ஏழு மணி நேரத்தைச் சேர்த்துத் தூங்குங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள்.

தடைக்காலம், நோன்பு, கல்யாணம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த 61 நாளில் நம் ஆட்களுக்கு மூன்று நாலு கிலோ ஏறுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன், ஜூனில் கடலுக்குப் போனாலும் அது முழுக்க இறங்குவதில்லை, அடுத்த வருஷம் அதன் மேல் இன்னொரு மூன்று. கடலுக்குப் போகிறவர்கள் இந்த முறையைத் தொடங்க ஏப்ரல் 15தான் சரியான நாள். அன்றிலிருந்து கடல் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கரைத் தட்டு மட்டும்.

நோன்பு மாதத்தில் மெலிய வேண்டியவர்கள் ஏறிவிடுவதற்குக் காரணம் நோன்பு திறக்கும்போது வருகிற சமோசாவும் வடையும் சர்பத்தும்தான். நோன்புக் கஞ்சி, பேரீச்சை ஒன்றிரண்டு, தண்ணீர், தொழுகை முடித்துவிட்டு அளவான சாப்பாடு என்று வைத்தால் நன்றாகவே குறையும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு இல்லாவிட்டாலும் இது பொருந்தும்: சோற்றைக் குறைத்துவிட்டுப் பழைய மாத்திரை அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு நான் போவேன், ஒரு தட்டு, இரண்டாம் தடவை இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

காசை வீணாக்காதீர்கள்

எடை குறைக்கும் பவுடர் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து எடை பார்த்து, அட்டை போட்டுக் கொடுத்து, மூன்று மாதம் என்னிடம் பணம் வாங்கினார். காலையும் இரவும் அந்தக் கரைசலைக் குடித்தால் யாருக்கும் குறையத்தான் செய்யும், சாப்பிடவில்லையே. நிறுத்திய ஆறாவது வாரம் எல்லாம் திரும்பிவிட்டது. வேர்க்க வைக்கிற பெல்ட் தண்ணீரைத்தான் இறக்கும். ஏழு நாளில் ஏழு கிலோ என்று சொல்கிற எதுவும் வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி, நாளைக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோதான் நியாயம், அதுவும் போகப் போக வேகம் குறையும்.

இப்போது செமாக்ளூடைட், டிர்செபடைட் என்று ஊசிகள் வந்திருக்கின்றன, பசியைக் குறைக்கிறவை, உண்மையிலேயே வேலை செய்பவை. ஆனால் மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்து, குமட்டலும் வாந்தியும் வரலாம், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். தெரிந்தவர் மூலம் வாங்கித் தானே குத்திக்கொள்ளும் வேலை கூடாது.

குறிக்கோளையும் சின்னதாக வையுங்கள். 94 கிலோ ஆள் 70க்கு வர வேண்டும் என்று தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவான். முதலில் உங்கள் எடையில் 100க்கு 7, என் கணக்கில் ஆறரைக் கிலோ. 2002ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் சர்க்கரையின் வாசலில் நின்றவர்களுக்கு வைத்த குறிக்கோளும் அதே 7தான், கூடவே வாரம் 150 நிமிட நடை, அந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை பரிசோதனை. 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காசில்லாமல் பார்ப்பார்கள், 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்குள்ளேயும் வருகிறார்கள், வந்தால் ஒளியாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குள் இருக்க வேண்டும், 126 தொட்டால் நோய், நடுவில் இருந்தால் வாசல். ரத்த அழுத்தம் திரும்பத் திரும்ப 140/90க்கு மேல் நின்றால் மருந்து தேவையா என்று கேளுங்கள். கொழுப்பு, ஈரல், சிறுநீரகத்தைக் காட்டுகிற உப்புச்சத்து (கிரியேட்டினின்) மூன்றும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவும், ஸ்டீராய்டு மாதிரிச் சில மருந்துகளும் எடையை ஏற்றும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, முதலில் வெட்டிய நூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சரிபாதியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரு முனையிலிருந்து வயிற்றைச் சுற்றி, முனை வந்து தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். மாதம் போகப் போக முடிச்சுகள் சிவப்புப் புள்ளியை நோக்கி வர வேண்டும். என் நூலில் பதினாலு முடிச்சு இருக்கிறது. ஏழாவதும் எட்டாவதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, ஒன்பதாவது ஒரு விரல் பின்னால் போயிருக்கிறது, அது தங்கை வீட்டுக் கல்யாண மாதம். அந்த மாதம் புதிதாக எதையும் செய்யவில்லை, எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து மறுபடி அளக்கத் தொடங்கினேன், பத்தாவது முடிச்சு எட்டாவதைத் தாண்டி வந்துவிட்டது.